பவுண்டரிக்காரர் பதில்கள்: தில்லி மியூசியத்துக்கு அரை நாள்

கேள்வி: அப்பா, அம்மா, ஸ்கூல் படிக்கும் பையன் எல்லோரையும் கூட்டிக்கொண்டு தில்லிக்குப் போகிறோம். தேசிய அருங்காட்சியகத்துக்கு அரை நாள்தான் ஒதுக்க முடியும். இரண்டு லட்சம் பொருள் இருக்கிறதாமே, எதை விட்டு எதைப் பார்ப்பது?
— வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: பயப்படாதீங்கம்மா, இரண்டு லட்சத்தையும் வெளியே வைத்திருக்கவில்லை. பெரும்பகுதி கிடங்கில் இருக்கிறது. வெளியே இருப்பதையே முழுசாகப் பார்க்கிறேன் என்று கிளம்பினால் அப்பாவுக்குக் கால் வீங்குவதுதான் மிச்சம். ஹரப்பா அரங்கு, வெண்கல அரங்கு, இந்த இரண்டு போதும். மிச்சத்தை நடந்துகொண்டே பாருங்கள்.

ஹரப்பா அரங்கில் மொஹஞ்சதாரோ நடனப் பெண் இருக்கிறாள். 1926-ல் கிடைத்தவள், வயது ஏறக்குறைய 4,500. பாடப்புத்தகத்தில் பெரிதாகப் படம் போட்டுப் போட்டு, ஆள் உயரம் இருப்பாள் என்று நினைத்துப் போகிறவர்கள்தான் அதிகம். உயரம் 10.5 சென்டிமீட்டர். அரைச் சாண். வேகமாக நடந்தால் தாண்டியே போய்விடுவீர்கள்.

கண்ணாடிக்குக் கிட்டே போய் நில்லுங்கள். வலது கை இடுப்பில் ஊன்றியிருக்கிறது. இடது கையில் தோளிலிருந்து மணிக்கட்டு வரை வளையல். தலை லேசாகப் பின்னால் சாய்ந்து, ஒரு முழங்கால் மடங்கியிருக்கிறது. நான் வியாசர்பாடிப் பக்கம் பவுண்டரியில் மோல்டிங்கில், அதாவது உலோகம் ஊற்ற மண் அச்சு செய்கிற வேலையில், காலம் தள்ளியவன். எனக்கு அவள் அழகைவிட அவளை வார்த்த ஆள்மேல்தான் மலைப்பு. இப்படி எல்லாப் பக்கமும் திரும்புகிற உருவத்தை மரத்தில் பேட்டர்ன் (மாதிரி உருவம்) செய்து, இரண்டு பெட்டி மண்ணில் பதித்தால், மண்ணை உடைக்காமல் பேட்டர்னை வெளியே எடுக்க முடியாது. அதனால் மெழுகில் செய்திருக்கிறான். மேலே களிமண் பூசிச் சுட்டால் மெழுகு தானே உருகி ஓடிவிடும், எடுக்கிற வேலையே இல்லை. அந்தக் குழியில் உலோகத்தை ஊற்றியிருக்கிறான். இவ்வளவு சின்னக் குழியில் ஊற்றும்போது உலோகம் போதுமான சூட்டில் இல்லையென்றால் கை வரை போவதற்குள் உறைந்துவிடும். தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில், நிறத்தைப் பார்த்தே சூட்டைப் பிடித்திருப்பான்.

அதே அரங்கில் மொஹஞ்சதாரோ நகைகளையும் பாருங்கள். 1947-ல் நாடு பிரிந்தபோது அங்கே கிடைத்த பொருள்களையும் பங்கு போட்டார்கள். தங்கமும் கல்மணியும் கோத்த மாலையைக்கூட அறுத்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். நம் தெருவில் எவ்வளவு மோசமான பாகப்பிரிவினையிலும் அம்மாவின் செயினை யாரும் வெட்டியதில்லை; விற்றுக் காசாகப் பிரிப்பார்கள். நடனப் பெண் நம் பங்குக்கு வந்தாள். 'பூசாரி அரசன்' என்கிற தாடிக்காரர் சிலை பாகிஸ்தானுக்குப் போய், கராச்சியில் இருக்கிறது. பையனுக்கு இதைச் சொல்லுங்கள், பரீட்சைக்கு வராது, ஆனால் மறக்க மாட்டான்.

கேள்வி: நம் சோழர் காலச் சிலைகளைத் தில்லியில் கொண்டுபோய் வைத்திருப்பது நியாயமா?
— வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: கதை லண்டனில் தொடங்குகிறது. 1947-48 குளிர்காலத்தில் அங்கே இந்தியக் கலைக் கண்காட்சி ஒன்று நடந்தது. பல ஊர் மியூசியங்களிலிருந்து பொருள்களை இரவல் வாங்கிக் கப்பலேற்றினார்கள். திரும்பி வந்ததும், இவ்வளவும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கிறதே, ஏன் கலைக்க வேண்டும் என்ற யோசனை. இன்றைய குடியரசுத் தலைவர் மாளிகையிலேயே 1949 ஆகஸ்ட் 15-ல் தேசிய அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். திறந்து வைத்தவர் ராஜாஜி. இப்போதைய ஜன்பத் சாலைக் கட்டடத்தை 1960 டிசம்பர் 18-ல் திறந்தவர் ராதாகிருஷ்ணன். இரண்டு பேருமே நம் பக்கத்துக்காரர்கள், கோபத்தை அவர்களிடம் காட்டிக்கொள்ளுங்கள்!

வெண்கல அரங்கில் புதுக்கோட்டை திருவரங்குளத்து நடராஜர் இருக்கிறார். சிதம்பரம் மாதிரி தூக்கிய திருவடி இவருக்குக் கிடையாது. இரண்டு முழங்காலையும் மடக்கி ஆடுகிறார், சதுர தாண்டவம். அவர் தில்லியில் இருப்பதில் எனக்கும் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் மொத்தச் சரக்கும் போய்விட்டது என்று புலம்புகிறவர்கள் நம் சென்னை எழும்பூர் மியூசியம் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள்.

கேள்வி: போட்டோ எடுக்கலாமா?
— வாசகர், திருவொற்றியூர்

பதில்: நுழையும்போதே கவுண்ட்டரில் கேட்டுவிடுங்கள். ஃபிளாஷ் எங்கேயும் வேண்டாம். செல்ஃபி எடுக்க சிலைக்கு முதுகைக் காட்டி நிற்கிறவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பக்கம் பத்தாது.

கேள்வி: தில்லி போகிறவர்கள் எழும்பூரையும் பார்க்க வேண்டுமா? இரண்டும் ஒன்றுதானே?
— வாசகர், கொடுங்கையூர்

பதில்: முதலில் எழும்பூர், அப்புறம் தில்லி. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் 'செத்த காலேஜ்' என்பார்களே, அதே மியூசியம்தான். 1851-ல் தொடங்கியது, தில்லியைவிட ஒரு நூற்றாண்டு மூத்தது. சோழர் வெண்கலத்துக்கு அதற்கு மேல் ஓர் இடம் என் கணக்கில் இல்லை. திருவாலங்காட்டு நடராஜர் அங்கே இருக்கிறார். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் போட்டோவை மட்டும் பார்த்தே அவரைப் புகழ்ந்து எழுதினார். நமக்கோ தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறினால் எழும்பூர் அடுத்த ஸ்டேஷன்.

அங்கே ஒன்றைக் கவனியுங்கள். நம் ஊர் உற்சவ மூர்த்திகள் கனமாக வார்த்தவை, உள்ளே கூடு கிடையாது. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்து, முதல் பூச்சுக்கு நைசான வண்டல் மண், அடுத்தடுத்து முரட்டு மண் என்று பூசி நிழலில் காயவிடுவார்கள். முதல் பூச்சு நைசாக இல்லையென்றால் விரல் நகம்வரை அச்சு விழாது. வார்த்த பிறகு மண்ணை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும், அதனால் ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான். சுவாமிமலையில் இன்றைக்கும் இப்படித்தான் செய்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டு தில்லி நடனப் பெண்ணைப் பார்த்தால், அவளும் நம் நடராஜரும் ஒரே தொழிலில் பிறந்தவர்கள் என்று புரியும்.

கிளம்பும் முன் எந்தெந்த அரங்கு திறந்திருக்கிறது என்று இரண்டு இடத்திலும் விசாரித்துக்கொள்ளுங்கள். தில்லி மியூசியத்தை ஜன்பத்திலிருந்து வடக்கு, தெற்கு பிளாக் என்கிற மத்திய அரசுக் கட்டடங்களுக்கு மாற்றும் திட்டம் வேறு இருக்கிறது. எழும்பூருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, தில்லிக்குத் திங்கட்கிழமை. சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ராத்திரி கிளம்பி மறுநாள் முழுக்க ஓடி, அதற்கு அடுத்த நாள் காலையில்தான் தில்லி போய்ச் சேரும். சனிக்கிழமை ராத்திரி ஏறினால் இறங்கும் அன்றைக்கு மியூசியம் பூட்டியிருக்கும். வேறு கிழமைக்கு டிக்கெட் போடுங்கள்.