நமக்கப்புறம் என்ன மிஞ்சும்? தொழில் நடத்துறவங்க கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

எல்லாருக்கும் வணக்கம். நான் ஆடிட்டர், 22 வருஷமா குடும்ப கம்பெனிகள் ஒரு தலைமுறைகிட்ட இருந்து அடுத்த தலைமுறைக்கு கை மாறுறப்ப கூட இருந்து கணக்கு வழக்கு பாக்குறது தான் என் வேலை. லெகஸி பத்தி கேள்வி இருந்தா கேளுங்கன்னு சொன்னேன், இவ்ளோ வரும்னு நினைக்கல. ஒரே மாதிரி கேட்டதை எல்லாம் சேர்த்துட்டேன். சட்ட விஷயம் நாட்டுக்கு நாடு மாறும், அதுக்கு உங்க வக்கீல்கிட்ட போங்க. நான் பேசப்போறது வக்கீல்கிட்ட போறதுக்கு முன்னாடி வீட்டுலயும் ஆபீஸ்லயும் நடக்க வேண்டியதை.

கேள்வி: மேடம், லெகஸின்னா சொத்தா, பேரா, கம்பெனியா? தமிழ்ல இதுக்கு ஒரு வார்த்தை கூட இல்லயே?

இருக்கே, எச்சம். இப்ப அதை சொன்னா எல்லாருக்கும் காக்கா தான் ஞாபகம் வருது, அது வேற கதை. பழைய அர்த்தம் ஒருத்தர் போன அப்புறம் மிஞ்சி நிக்கிறது. ஸ்கூல்ல வினையெச்சம் படிச்சிருப்பீங்க, 'வந்து', 'செய்து' மாதிரி முடியாம நிக்கிற வினை, இன்னொரு சொல் வந்து தான் முடிச்சு வைக்கணும். எனக்கு லெகஸின்னா அது தான். நீங்க பாதில விட்டுட்டு போறதை இன்னொருத்தர் கையில எடுத்து தொடர முடியுற மாதிரி விட்டுட்டு போறீங்களா? சொத்து, பேரு, கம்பெனி எதுவா இருந்தாலும் நான் பாக்குறது இந்த ஒண்ணை தான்.

கேள்வி: நான் ஒரு நாள் வரலன்னா என் பேக்டரி ஓடாது அக்கா, எல்லாமே என் கை தான். இதையே பெருமையா சொல்லிட்டு இருந்தேன், இப்ப 54 வயசுல கொஞ்சம் பயமா இருக்கு. எங்க ஆரம்பிக்கிறது?

பயம் வந்துச்சே, பாதி வேலை முடிஞ்சுது.

எங்க அப்பாவும் இதே கேஸ் தான். மெஷின் பார்ட்ஸ் பட்டறை, 30 வருஷம் நடத்தினார், திடீர்னு ஒரு நாள் போயிட்டார். யார் எவ்ளோ தரணும், நாம யாருக்கு தரணும், எந்த பார்ட்டிக்கு என்ன ரேட் பேசியிருக்கு, எல்லாமே சட்டைப்பையில இருந்த ஒரு சின்ன நோட்டுல தான் இருந்துச்சு, அதையும் அவரே கண்டுபிடிச்ச சுருக்கெழுத்துல எழுதி வச்சிருந்தார், எங்க அம்மாவால கூட படிக்க முடியல. பணம் தர வேண்டியவங்கள்ல பாதி பேரு வரவே இல்ல, வாங்க வேண்டியவங்க மட்டும் கரெக்டா வந்தாங்க. எட்டு மாசத்துல பட்டறை மூடியாச்சு. நல்ல மனுஷன், நல்ல தொழில்காரர், ஆனா அந்த 30 வருஷ வேலைய தொடர யாருக்கும் ஒரு நுனி கூட கிடைக்கல. நான் ஆடிட்டர் ஆனதே அந்த நோட்டால தான்னு சொல்லலாம்.

அதனால முதல்ல எழுதுங்க. பெரிய மேனுவல் எல்லாம் வேண்டாம், யாரும் படிக்க மாட்டாங்க. பேங்க்ல யார் கையெழுத்து போடலாம், பாஸ்வேர்டு எங்க இருக்கு, இன்சூரன்ஸ் பேப்பர் எங்க இருக்கு, இதெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் தான் முக்கியம், வாய் வார்த்தையா நீங்க குடுத்திருக்குற வாக்கு எல்லாம். பழைய கஸ்டமருக்கு ரேட் ஏத்த மாட்டேன்னு சொன்னது, போர்மேன் பொண்ணு படிப்புக்கு உதவுறேன்னு சொன்னது, சப்ளையர்கிட்ட 'பணம் லேட்டானாலும் உன் சரக்கு தான்'னு சொன்னது. இது எந்த பேலன்ஸ் ஷீட்லயும் வராது, ஆனா உங்க பேரு நிக்கிறதே இதுல தான்.

அப்புறம் ஒரு டெஸ்ட். முதல்ல ரெண்டு நாள் போன் ஆஃப் பண்ணிட்டு எங்கயாவது போங்க, அடுத்து ஒரு வாரம், அடுத்த வருஷம் ஒரு மாசம். திரும்பி வந்ததும் எது நின்னு போச்சோ அதுக்கு மட்டும் ஆள் ரெடி பண்ணுங்க. அவங்க எடுத்த முடிவு நீங்க எடுத்திருக்குற மாதிரி இல்லன்னு திட்டாதீங்க ப்ளீஸ், திட்டினா அடுத்த தடவை எவனும் முடிவே எடுக்க மாட்டான், நீங்க வர்ற வரைக்கும் காத்துட்டு உக்காந்திருப்பான்.

கேள்வி: பையனுக்கு இந்த தொழில்ல ஆர்வமே இல்ல. பொண்ணு வேற நாட்டுல. மூணு தலைமுறை என்னோட முடியப்போகுதா?

சார், ரத்தத்துல தான் தொடரணும்னு யார் சொன்னது. ஜப்பான்ல கோங்கோ குமின்னு கோயில் கட்டுற கம்பெனி, 578ல ஆரம்பிச்சது, 1400 வருஷத்துக்கு மேல அந்த குடும்பத்துகிட்டயே இருந்துச்சு. ரகசியம் என்னன்னா பெத்த பிள்ளை சரியில்லன்னா திறமையான ஆள் ஒருத்தரை மருமகனா எடுத்து குடும்ப பேரையும் குடுத்துடுவாங்க. சுசுகி கம்பெனியும் அப்படித்தான், 1909ல தறி மெஷின் செய்ய ஆரம்பிச்சது. பல வருஷம் அதை நடத்தின ஒசாமு சுசுகி பொறந்தப்ப சுசுகியே கிடையாது, பேங்க்ல வேலை பாத்துட்டு இருந்தவர், அந்த வீட்டு பொண்ணை கட்டி பேரை எடுத்துக்கிட்டு 1958ல உள்ள வந்தார், 1978ல பிரசிடென்ட். நீங்க மருமகன் தேடுங்கன்னு சொல்லல! அங்க பேரையும் தொழிலையும் காப்பாத்த ஆளை வெளிய இருந்து கொண்டு வர வெக்கப்படலன்னு சொல்றேன். உங்ககிட்ட 15 வருஷமா இருக்குற மேனேஜரை ஒரு தடவையாவது அந்த கண்ணோட பாத்திருக்கீங்களா? பங்கு குடும்பத்துகிட்ட இருக்கட்டும், நடத்துறது அவர் நடத்தட்டும், அவருக்கும் கொஞ்சம் பங்கு குடுங்க.

அந்த கோங்கோ குமி எப்படி சாஞ்சுதுன்னும் சொல்லிடறேன். ஆள் இல்லாம போகல. ரியல் எஸ்டேட் ஏறிட்டு இருந்த காலத்துல நிறைய கடன் வாங்கி நிலத்துல போட்டாங்க, விலை விழுந்ததும் கடன் நின்னுச்சு, 2006ல இன்னொரு கம்பெனி எடுத்துக்கிச்சு. 14 நூற்றாண்டு போர், பஞ்சம் எல்லாம் தாண்டி வந்தது தனக்கு தெரியாத வேலையில கை வச்சு போச்சு. இதை படிச்சப்ப எனக்கு நிஜமா வயிறு கலங்குச்சு.

கேள்வி: ரெண்டு பசங்க, ஒருத்தன் கம்பெனில இருக்கான், இன்னொருத்தன் டாக்டர். 50-50 எழுதிடலாமா?

50-50 மாதிரி ஆபத்தான நம்பர் கிடையாது தம்பி. வீட்டுல சமம், கம்பெனில பூட்டு. ரெண்டு பேரும் ஒத்துக்கலன்னா எந்த முடிவும் நகராது. லாபத்துல பங்கு வேற, முடிவு எடுக்குற அதிகாரம் வேற. லாபத்தை சமமா குடுங்க, ஓட்டு நடத்துறவன் கையில இருக்கட்டும், இல்லன்னா மூணாவதா ரெண்டு பேரும் மதிக்கிற வெளி ஆள் ஒருத்தருக்கு ஒரு ஓட்டு குடுங்க. டாக்டருக்கு வெளிய போகணும்னா எந்த கணக்குல விலை போட்டு வாங்கிக்கணும்னு இப்பவே எழுதிடுங்க, எல்லாரும் சிரிச்சு பேசிட்டு இருக்கப்ப.

சீக்கிரமா பண்றதுல ஒரு லாபம் இருக்கு. வால்மார்ட்ங்கற பெரிய அமெரிக்க கடை கம்பெனிய ஆரம்பிச்ச சாம் வால்டன் 1953லயே, பசங்க சின்ன பிள்ளைங்களா இருக்கப்பவே, குடும்ப தொழில்ல நாலு பேருக்கும் ஆளுக்கு 20 சதவீதம், மீதி 20 தனக்கும் மனைவிக்கும்னு பிரிச்சுட்டார். முதல் வால்மார்ட் கடையே 1962ல தான் வந்துச்சு. இன்னொரு பக்கம் திருபாய் அம்பானி 2002ல உயில் எழுதாம போனார், அண்ணன் தம்பி பிரச்சனை ஊரே பாக்க நடந்து 2005ல அம்மா உக்காந்து பிரிச்சு குடுக்க வேண்டி வந்துச்சு. அவ்ளோ பெரிய மூளைக்கே அந்த ஒரு பேப்பர் விட்டுப்போச்சுன்னா நாமெல்லாம் எம்மாத்திரம்.

கேள்வி: கம்பெனிக்கு என் பேரையே வைக்கலாமா? அப்புறம் சுயசரிதை எழுத ஒரு ஆளை பிடிச்சிருக்கேன், வொர்த்தா?

பேரு வைங்க, தப்பில்ல. புக்கு, எழுதுங்க, ஆனா தோத்த கதையையும் எழுதுங்க, அதை மட்டும் தான் பேரப்பிள்ளைங்க படிப்பாங்க.

கேள்வி: சம்பாதிச்சதுல ஒரு பகுதிய நல்ல காரியத்துக்கு விடணும்னு ஆசை. டிரஸ்ட் ஆரம்பிச்சா போதுமா, அதுவும் ரெண்டு தலைமுறைல சண்டையா போயிடுமோ?

நல்ல கேள்வி, நிறைய பேர் இங்க தான் சறுக்குறாங்க. கட்டிடம் கட்டி குடுப்பாங்க, பத்து வருஷம் கழிச்சு பல்பு மாத்த ஆள் இருக்காது. அமெரிக்க ஸ்டீல் முதலாளி ஆண்ட்ரூ கார்னகி உலகம் பூரா 2,500க்கு மேல லைப்ரரி கட்ட பணம் குடுத்தார், ஆனா சும்மா குடுக்கல. இடம் ஊர் குடுக்கணும், அதோட அவர் குடுத்த தொகைல பொதுவா 10 சதவீதம் அளவு பணத்தை வருஷா வருஷம் ஊரே நடத்துற செலவுக்கு ஒதுக்கணும். அதாவது ஊருக்கும் அதுல ஒரு கை இருக்கணும். கஞ்சத்தனம்னு தோணும், ஆனா அவர் போயி நூறு வருஷம் தாண்டியும் அதுல நிறைய லைப்ரரி இன்னும் லைப்ரரியாவே ஓடுதே.

எனக்கு ரொம்ப பிடிச்சது எர்ன்ஸ்ட் ஆபே. மைக்ராஸ்கோப் செய்யுற ஜெர்மன் கம்பெனியோட பார்ட்னர், இயற்பியல் ப்ரொஃபசர். பழைய பார்ட்னர் செத்த அடுத்த வருஷம், 1889ல, ஒரு ஃபவுண்டேஷன் ஆரம்பிச்சு கொஞ்ச நாள்ல கம்பெனியவே அது கையில குடுத்துட்டார். 1900ல அங்க எட்டு மணி நேர வேலை வந்துடுச்சு. ஃபவுண்டேஷனுக்கு தன் பேரை வைக்கல, செத்துப்போன பார்ட்னர் கார்ல் சைஸ் பேரை வச்சார். நடுவுல ஜெர்மனி ரெண்டா உடைஞ்சப்ப கம்பெனியும் ரெண்டா போச்சு, அப்புறம் சேர்ந்துச்சு, இன்னிக்கும் அந்த ஃபவுண்டேஷன் தான் ஓனர். உங்க கண்ணாடி லென்ஸ்ல அந்த பேரு இருந்தாலும் இருக்கும் பாருங்க.

சண்டைக்கு வழி என்னன்னா பணமும் அதிகாரமும் ஒரே கையில இருக்கக்கூடாது. பாஷ் கம்பெனில சுமார் 94 சதவீதம் பங்கு தர்ம ஃபவுண்டேஷன் கிட்ட இருக்கு, ஆனா ஓட்டு கிட்டத்தட்ட முழுசும் தனியா இன்னொரு அமைப்பு கிட்ட. தர்மம் பண்றவங்க தொழில்ல தலையிட முடியாது. 2022ல பட்டகோனியாங்கற அமெரிக்க துணி கம்பெனி ஓனர் யுவோன் ஷுனார்டும் இதே மாதிரி தான் பண்ணார், ஓட்டு இருக்குற 2 சதவீதம் ஒரு டிரஸ்டுக்கு, ஓட்டு இல்லாத 98 சதவீதம் சுற்றுச்சூழலுக்கு செலவு பண்ற அமைப்புக்கு. சின்ன அளவுலயும் இதை பண்ணலாம், உங்க வக்கீலை கேளுங்க.

கேள்வி: நான் ஓனர் இல்ல, வெறும் டீம் லீடு. ரெண்டு மூணு வருஷத்துல கம்பெனி மாறிடுவேன். எனக்கெல்லாம் என்ன லெகஸி?

ஓனர்களை விட உங்களுக்கு ஈஸி தம்பி, சொத்து சண்டை இல்ல. உங்க கீழ வேலை பாத்தவங்க இன்னிக்கு எங்க இருக்காங்க, அவங்க ஜூனியரை எப்படி நடத்துறாங்க, அதை போய் பாருங்க. என் முதல் சீனியர் ஒருத்தர், தப்பு பண்ணிட்டு நானா போய் சொன்னா திட்டவே மாட்டார், மறைச்சு மாட்டினா தான் திட்டுவார். அவர் ரிட்டயர் ஆகி பல வருஷம் ஆச்சு, என் ஆபீஸ்ல இன்னிக்கும் அதே ரூல், அவரை பாத்தே இராத பசங்க அதை ஃபாலோ பண்றாங்க.

கேள்வி: அப்பா வகுத்த வழிய அப்படியே காப்பாத்துறதா, மாத்துறதா? மாத்தினா துரோகம் பண்ற மாதிரி இருக்கு.

இன்னிக்கு வீடியோ கேம் செய்யுற நிண்டெண்டோ 1889ல சீட்டுக்கட்டு செஞ்ச கம்பெனி. டொயோட்டா தறி கம்பெனிக்குள்ள ஒரு டிபார்ட்மென்டா 1933ல கார் வேலைய ஆரம்பிச்சது, ஆரம்பிச்சவர் தறி கண்டுபிடிச்சவரோட பையன். அவர் பண்ணது துரோகமா? கோடாக்ல டிஜிட்டல் கேமராவ 1975லயே அவங்க இன்ஜினியர் ஒருத்தரே செஞ்சு காட்டினார், ஃபிலிம் வியாபாரத்தை விட்டு வர மனசு வரல, 2012ல திவால்.

ஆப்பிள் கம்பெனில ஸ்டீவ் ஜாப்ஸ் டிம் குக் கிட்ட பொறுப்பை குடுக்கறப்ப, 'நான் இருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு யோசிக்காதே, சரியானதை பண்ணு'ங்கற மாதிரி சொன்னாராம், டிம் குக்கே சொல்லியிருக்கார். காரணம் டிஸ்னி. வால்ட் டிஸ்னி போன அப்புறம் எல்லாரும் அவர் என்ன பண்ணியிருப்பார்னே கேட்டு உறைஞ்சு போயிட்டாங்கன்னு ஜாப்ஸ் நினைச்சார். அப்பா எதை செஞ்சார்னு பாக்காதீங்க, எதுக்கு செஞ்சார்னு பாருங்க. அது தெரியலன்னா, இருக்காருன்னா, இன்னிக்கே போய் கேளுங்க.

கேள்வி: 71 வயசு. பொறுப்பை குடுத்துட்டேன், ஆனா பையன் இன்னும் எல்லாத்துக்கும் என்னை கேக்குறான். நல்லது தானே?

ஐயா, கோவிச்சுக்காதீங்க, உங்க நாற்காலி இன்னும் அதே ரூம்ல தானே இருக்கு? முதல்ல அதை எடுங்க. ஸ்டாஃப் உங்க முகத்தை பாத்துட்டு தான் பையன் சொன்னதுக்கு தலையாட்டுவாங்க, பையனுக்கும் அது தெரியும், அதான் கேக்குறான். ஸ்டார்பக்ஸ் காபி கடை கம்பெனில ஹோவர்ட் ஷுல்ட்ஸ் 2000ல சிஇஓ பதவிய விட்டார், 2008ல திரும்பி வந்தார், 2017ல விட்டார், 2022ல மறுபடி. ஒவ்வொரு தடவையும் காரணம் இருந்திருக்கும், ஆனா அடுத்த ஆள் எப்படி வேர் விடுவார்? நெல்சன் மண்டேலா தென்னாப்பிரிக்க ஜனாதிபதியா இருந்தது ஒரே ஒரு தவணை, 1999ல இறங்கிட்டார், இன்னொரு தடவை நின்னிருந்தாலும் ஜெயிச்சிருப்பார்னு தான் நான் நினைக்கிறேன். வாரத்துல ஒரு நாள், ஒரு மணி நேரம், வீட்டுல வச்சு பேசுங்க. மத்த நேரம் கேட்டா 'நீ என்ன நினைக்கிற'ன்னு திருப்பி கேளுங்க.

கேள்வி: பேரு சொல்ல வேண்டாம். ஆரம்ப காலத்துல ஆளுங்களை மோசமா நடத்தியிருக்கேன். ஒருத்தர் கை மெஷின்ல போச்சு, சரியா பணம் குடுக்காம அனுப்பிட்டேன். இப்ப நிறைய தர்மம் பண்றேன். இது அதை சரி பண்ணுமா?

பண்ணாது. மேல சொன்ன அதே கார்னகி தான், 1892ல அவரோட ஹோம்ஸ்டெட் ஸ்டீல் ஆலைல ஸ்ட்ரைக், துப்பாக்கியோட தனியார் காவல் ஆளுங்களை இறக்குனாங்க, ரெண்டு பக்கமும் உயிர் போச்சு. அப்ப அவர் ஸ்காட்லாந்துல இருந்தார். 1898ல அந்த ஆலைக்கு பக்கத்துலயே லைப்ரரியும் கட்டி குடுத்தார். இன்னிக்கு அவரை பத்தி பேசுறப்ப லைப்ரரியும் வருது, ஹோம்ஸ்டெட்டும் வருது, ஒண்ணு இன்னொண்ணை அழிக்கல. பொதுவா பண்ற தர்மம் ஊருக்கு போகுது சார், உங்க கடன் ஒரு ஆளுக்கு. அன்னிக்கு குடுத்திருக்க வேண்டியதை இன்னிக்கு மதிப்புல கணக்கு போடுங்க, இத்தனை வருஷம் அவர் சம்பாதிக்க முடியாம போனதையும் சேருங்க, நானே போட்டு தரேன், ஃபீஸ் வேண்டாம். போட்டோ எடுக்க ஆள் கூட்டிட்டு போகாதீங்க.

அதே நபர்: அவர் நாலு வருஷத்துக்கு முன்னாடி இறந்துட்டார்.

வீட்டுல யாராவது இருப்பாங்களே. அவங்ககிட்ட போங்க.