பின்கட்டில் உட்கார வைத்த அம்மா

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயது. ஒரு வருடமாக மறதி. சாப்பிட்ட அரை மணி நேரத்தில், "எனக்கு யாரும் சோறு போடவில்லை" என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்கிறார். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். போன மாதம் முதியோரின் ஞாபக சக்தி பற்றி ஆய்வு செய்ய ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். அம்மாவைப் பின்கட்டில் உட்கார வைத்துவிட்டு, வீட்டில் பெரியவர்கள் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அம்மாவும் சத்தம் போடாமல் இருந்தார். கல்யாணம் முடியும்வரை அவரை முதியோர் இல்லத்தில் விடலாமா?
- ஒரு வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: தம்பி, இல்லத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். "அம்மாவும் சத்தம் போடாமல் இருந்தார்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. மத்தியானம் சாப்பிட்டது நினைவில் நிற்காதவருக்கு, தன்னை ஒளித்து வைக்கிறார்கள் என்பது புரிந்திருக்கிறது. பிள்ளைக்குத் தலைகுனிவு வேண்டாம் என்று வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பெற்றவளை உள்ளே வைத்துக்கொண்டு "இல்லை" என்று சொல்ல எப்படி மனசு வந்தது?

அந்தப் பெண்கள் வேவு பார்க்க வரவில்லை. பத்து வார்த்தை சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். காசு எண்ணத் தெரிகிறதா, போன வழியில் திரும்பி வருகிறாரா என்று வீட்டாரிடம் கேட்பார்கள். சென்னையிலும் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் எத்தனையோ குடும்பங்கள் இப்படி உட்கார்ந்து பதில் சொல்லியிருக்கின்றன. நாடு முழுக்க இதுபோல் கேட்டுத்தான், 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா என்கிற மறதி நோய் இருக்கலாம் என்று 2023-ல் கணக்குச் சொன்னார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அதிகமாம். எல்லாரும் உங்களைப் போலக் கதவைச் சாத்தினால், கணக்கில் வராத நோய்க்கு யார் தம்பி ஆஸ்பத்திரியில் இடம் ஒதுக்குவார்கள்?

இன்னொன்று. உங்கள் அம்மாவுக்கு டிமென்ஷியாதான் என்று யார் சொன்னது? தைராய்டு குறைந்தாலும், பி12 சத்து குறைந்தாலும், மனச்சோர்விலும் மறதி வரும். அவற்றுக்கு வைத்தியம் உண்டு. ஒரு வருடமாக ஒரு ரத்தப் பரிசோதனைகூடச் செய்ததாக நீங்கள் எழுதவில்லை. இல்லம் பார்க்க மட்டும் நேரம் இருக்கிறது. ஞாபகம் தடுமாறுகிறவரைப் பழகிய வீட்டிலிருந்து திடீரென்று பெயர்த்தால் தடுமாற்றம் கூடத்தான் செய்யும், நான் ஒப்பமாட்டேன். வயதான பிறகு வரும் டிமென்ஷியா பெரும்பாலும் பாட்டியிடமிருந்து பேத்திக்கு நேராக இறங்குகிற நோயும் இல்லை. இதற்காக முகம் திருப்புகிற சம்பந்தம் உங்கள் மகளுக்கு வேண்டாம்.

இந்த வாரமே அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அப்புறம் அந்தக் கல்லூரியில் விசாரித்து, அந்தப் பெண்களைத் திரும்ப வரச் சொல்லுங்கள். எதற்கு இந்த ஆய்வு, முடிவை எங்களுக்குச் சொல்வீர்களா, குறை தெரிந்தால் யாரிடம் அனுப்புவீர்கள் என்று தாராளமாகக் கேளுங்கள். பதில் சொல்வது அவர்கள் கடமை. பிடிக்காவிட்டால் பாதியில் நிறுத்தவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் சம்மதத்தை முதலில் அம்மாவிடம் கேளுங்கள்.

மாப்பிள்ளை வீட்டார் வருகிற அன்றைக்கு, நல்ல புடவை கட்டிவிட்டு அம்மாவைக் கூடத்தில் உட்கார வையுங்கள். வந்தவர்களிடம், "எனக்குச் சோறு போடவில்லை" என்று சொன்னால், ஒரு வாய் ஊட்டிவிடுங்கள். அவர்கள் பார்க்கட்டும்.