வாசகர் கேள்வி பதில்: முழங்கால் வலியோடு டெத் வேலி பார்க்கலாமா?

கேள்வி: மகள் லொஸ் ஏஞ்சல்ஸில் இருக்கிறாள். ஓகஸ்ட் பள்ளி விடுமுறையில் பேரப்பிள்ளைகளோடு அங்கே போய், காரிலேயே கலிபோர்னியப் பாலைவனத்திலுள்ள டெத் வேலி தேசியப் பூங்காவைப் பார்த்துவர ஆசை. எனக்கு வயது 66, முழங்கால் தேய்மானம். அதிக தூரம் நடக்க முடியாது. போய்ப் பயன் உண்டா? (வாசகி, ஹட்டன்)

பதில்: தாராளமாகப் போங்கள், ஆனால் ஓகஸ்டில் வேண்டாம். ஜூலையில் அங்கே பகல் வெப்பம் சராசரியாக 47 பாகை செல்சியஸ். ஓகஸ்டும் ஏறக்குறைய அப்படித்தான். பயணத்தை டிசம்பர் அல்லது சித்திரை விடுமுறைக்கு மாற்றுங்கள். ஏப்ரலில் பகலில் 32 பாகை அளவில் இருக்கும், டிசம்பரில் இருபதுக்குக் கீழே. நத்தார் முதல் புத்தாண்டு வரை மட்டும் கூட்டம் அதிகம், அறையை மாதக்கணக்கில் முன்பே பதிய வேண்டும்.

முழங்காலைப் பற்றிக் கவலை வேண்டாம். இலங்கையின் ஐந்தில் ஒரு பங்கு பரப்புள்ள பூங்கா அது. அதன் மிகச் சிறந்த இடங்கள் தார் வீதியோரத்திலேயே இருக்கின்றன. லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சுமார் ஐந்து மணி நேர ஓட்டம் என்பதால் ஒரே நாளில் போய்த் திரும்ப நினைக்காதீர்கள். பூங்காவுக்குள்ளேயே இருக்கும் ஃபர்னஸ் கிரீக்கில் இரண்டு இரவு தங்குங்கள்.

விடியற்காலையில் சப்ரிஸ்கி பொயின்ட். வாகனத் தரிப்பிடத்திலிருந்து தார் போட்ட குறுகிய ஏற்றம் ஒன்று உண்டு. தூரம் கொஞ்சம்தான், ஆனால் சரிவு முழங்காலுக்குத் தெரியும், ஊன்றுகோல் கொண்டுபோங்கள். அங்கிருந்து டான்டெஸ் வியூ. கார் நிற்கும் இடமே காட்சிமுனை. 1,669 மீற்றர் உயரத்தில் நின்று, கடல் மட்டத்துக்கும் 86 மீற்றர் கீழே கிடக்கும் பேட்வோட்டர் உப்புவெளியை நேரே குனிந்து பார்க்கலாம். ஒரே ஓர் இடம்தான் பார்க்க முடியுமென்றால் இதைத்தான் பாருங்கள்.

நண்பகலில் அறையிலோ பார்வையாளர் நிலையத்திலோ இருங்கள். மாலை மூன்று மணிக்குப் பிறகு முதலில் பேட்வோட்டர். சக்கர நாற்காலியும் போகக்கூடிய மேடை ஒன்று உப்புவெளி ஓரம் வரை உண்டு. திரும்பும் வழியில் ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ். 14 கிலோமீற்றர் நீளமான இந்த ஒருவழிப் பாதைக்குத் தெற்கிலிருந்துதான் நுழைய முடியும், அதனால் இந்த வரிசையை மாற்றாதீர்கள். பச்சை, ஊதா, இளஞ்சிவப்பாகத் தெரியும் பாறைகளில் சாயங்கால வெயில் விழும்போதுதான் நிறம் எடுப்பாகத் தெரியும். மறுநாள் ஸ்டோவ்பைப் வெல்ஸ் அருகிலுள்ள மணல்மேடுகளை வீதியிலிருந்தே பாருங்கள். மணலில் நடப்பது முழங்காலுக்கு ஆகாது.

கேள்வி: வாடகைக் கார் எடுத்து மருமகனே ஓட்டுவார். றம்பொடை வளைவுகளில் ஓட்டிப் பழகியவர். வேறு என்ன கவனிக்க வேண்டும்? (வாசகர், புசல்லாவை)

பதில்: அந்தப் பழக்கம் நிச்சயம் உதவும், ஆனால் அங்கே ஆபத்து வளைவில் மட்டுமல்ல. வீதி நீண்டு நேராகக் கிடக்கும், எதிரே வாகனம் வராது, வேகம் தெரியாமலே ஏறிவிடும். இந்தப் பூங்காவில் வெப்பத்தால் இறந்தவர்களைவிட, வேறு வாகனம் மோதாமல் தம் காரே தடம் மாறிக் கவிழ்ந்து இறந்தவர்கள் அதிகம். ஓரத்துச் சரளையில் சக்கரம் இறங்கினால் ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பக் கூடாது. வேகத்தைக் குறைத்து மெதுவாக ஏற்ற வேண்டும். வலது பக்கத்தில் ஓட்டுவது என்பதால் சந்திகளில் திரும்பும்போது பக்கத்தில் இருப்பவரும் நினைவூட்டட்டும்.

டவுன் பாஸ் என்ற கணவாய் 1,511 மீற்றர் உயரம். அங்கிருந்து கடல் மட்டத்துக்கு ஒரே இறக்கம். ஓட்டோ கியர் என்றாலும் குறைந்த கியருக்கு மாற்றி இறங்க வேண்டும். பிரேக்கை மிதித்தபடியே வந்தால் சூடாகிப் பிடிக்காமல் போகும். ஏற்றத்தில் எஞ்சின் சூட்டுமானி உயர்ந்தால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரைப் போட்டு வேகத்தைக் குறையுங்கள். சூடாக இருக்கும் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

பெற்றோலை பூங்காவுக்கு வெளியே நிரப்புங்கள். உள்ளே இரண்டு மூன்று இடங்களில்தான் கிடைக்கும், விலையும் அதிகம். பெரும்பாலான இடங்களில் தொலைபேசிக்கு சிக்னல் இல்லை. வரைபடத்தை முன்பே தரவிறக்குங்கள், தொலைபேசி காட்டும் மண்பாதைக் குறுக்குவழிகளை நம்பாதீர்கள். ரேஸ்ட்ரக் என்ற காய்ந்த ஏரிப் படுகையில் கற்கள் தாமே நகர்ந்ததுபோல் தெரியும் தடம் பார்க்கப் பிள்ளைகள் கேட்பார்கள். அங்கே போக 43 கிலோமீற்றர் கூர்க்கல் பாதை, டயரைக் கிழித்துவிடும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கார் நின்றுவிட்டால் காரை விட்டு நடந்து போகாதீர்கள். தேடி வருபவர்களுக்கு மனிதரைவிடக் கார்தான் எளிதில் தெரியும்.

நுழைவுக் கட்டணம் ஒரு காருக்கு 30 டொலர், ஏழு நாள் செல்லும். காசு வாங்க மாட்டார்கள், அட்டை தேவை.

கேள்வி: அப்பாவுக்குச் சீனி, பிரஷர் இரண்டும் உண்டு. (வாசகி, தலவாக்கலை)

பதில்: பயணத்துக்கு முன் கிளினிக் டொக்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: சிறுநீர் போக்கும் மாத்திரையை வெயிலில் எப்படி எடுப்பது, ஜீவனி (நீரிழப்புக்குக் கொடுக்கும் கரைசல்) குடிக்கலாமா. ஜீவனியில் உப்பு உண்டு. பிரஷர்காரர் தாமாகக் குடிக்கக் கூடாது. தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லீற்றர் காரில் இருக்கட்டும். அங்கே வியர்வை உடனே காய்ந்துவிடும், அதனால் உடம்பு நீர் இழப்பதே தெரியாது. தாகத்துக்குக் காத்திருக்காமல் அரைமணிக்கொரு தடவை கொஞ்சம் குடிக்கக் கொடுங்கள். நிறுத்தி வைத்த காருக்குள் இன்சுலினை விடாதீர்கள், ஐஸ் கட்டியோடு நேரே ஒட்டவும் வைக்காதீர்கள், உறைந்தாலும் கெட்டுவிடும். தலைவலி, குமட்டல் வந்தால் உடனே ஏசிக் காருக்குள் கூட்டிவந்து கழுத்தில் ஈரத்துணி போடுங்கள். பேச்சு தடுமாறினால் அவசர இலக்கமான 911-ஐ அழையுங்கள். சிக்னல் இல்லாவிட்டால் ஈரத்துணியை எடுக்காமலே நேராக ஃபர்னஸ் கிரீக்குக்கு ஓட்டுங்கள். கிளினிக் கொப்பியின் பிரதி ஒன்றும் கையில் இருக்கட்டும்.

கேள்வி: பாலைவனம்தானே, மழை, மண்சரிவுக் கவலை இல்லையே? சுவெட்டர் தேவையா? (வாசகர், நானுஓயா)

பதில்: சுவெட்டர் தேவை. ஜனவரி இரவில் 4 பாகை வரை இறங்கும், டான்டெஸ் வியூவில் காற்றும் சேரும். மழையைப் பற்றியும் அலட்சியம் வேண்டாம். 2023 ஓகஸ்டில் ஒரே நாளில் சுமார் 56 மில்லிமீற்றர் பெய்தது. நமக்கு அது ஒரு மாலை மழை. அந்த வரண்ட மண் நீரை உறிஞ்சாது, அத்தனையும் வெள்ளமாக ஓடி வீதிகளை அறுத்தது. பூங்கா ஒக்டோபர் நடுப்பகுதி வரை மூடியிருந்தது. புறப்படும் முதல்நாள் பூங்காவின் இணையதளத்தில் எந்த வீதி மூடியிருக்கிறது என்று பாருங்கள். தண்ணீர் ஓடும் வீதியைக் கடக்காதீர்கள்.