கட்டுரையில் யார் பெயர் வரலாம்? ஆய்விதழ் நெறிகள் குறித்த கேள்வி பதில்

நுண்ணுயிரியல் ஆய்விதழ் ஒன்றின் ஆசிரியர் குழுவில் பதினைந்து ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். கட்டுரை எழுதுவோரும் மதிப்பாய்வு செய்வோரும் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டு இங்கே பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் அடையாளம் தெரியாதபடி விவரங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி (முனைவர் பட்ட ஆய்வாளர், மூன்றாம் ஆண்டு): அம்மா, என் முதல் கட்டுரையை அனுப்பும் நிலையில் இருக்கிறேன். துறைத் தலைவரின் பெயரையும், எங்கள் ஆய்வகத்துக்கு ஒருமுறைகூட வந்திராத வேறொரு கல்லூரிப் பேராசிரியரின் பெயரையும் சேர்க்கும்படி நெறியாளர் சொல்கிறார். எல்லா இடத்திலும் இதுதான் வழக்கம் என்கிறார். மறுக்கவும் முடியவில்லை, மனமும் ஒப்பவில்லை.

பதில்: மனம் ஒப்பாததில் நியாயம் இருக்கிறது. 1978இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடிய சில மருத்துவ இதழாசிரியர்களிடமிருந்து உருவான பன்னாட்டுக் குழு, ஒருவரைக் கட்டுரையாசிரியர் என்று சொல்வதற்கு நான்கு தகுதிகளை வகுத்திருக்கிறது. ஆய்வை வடிவமைப்பதிலோ தரவைத் திரட்டுவதிலோ பகுத்தாய்வதிலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதியதில் அல்லது அதன் உள்ளடக்கத்தைச் செம்மைப்படுத்தியதில் பங்கு இருக்க வேண்டும். இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். கட்டுரையின் எந்தப் பகுதியைப் பற்றி ஐயம் எழுந்தாலும் அது முறையாக விசாரிக்கப்பட்டுத் தீர்க்கப்படுவதற்குப் பொறுப்பேற்க வேண்டும். நான்கும் சேர்ந்தே இருக்க வேண்டும். நான்காவது தகுதி 2013இல்தான் சேர்க்கப்பட்டது என்றாலும், மற்ற மூன்றுக்கும் உயிர் கொடுப்பது அதுதான் என்பது என் உறுதியான எண்ணம். பெயர் போடுவது என்பது பின்னாளில் கேட்பவருக்குப் பதில் சொல்ல ஒப்புக்கொள்வது.

பதில் சொல்ல முடியாதவர் பெயர் போட்டால் என்ன ஆகும் என்பதை 2020இல் உலகமே பார்த்தது. அந்த ஆண்டு மே 22 அன்று லான்செட் என்ற மருத்துவ இதழில், 671 மருத்துவமனைகளின் 96,032 கொரோனா நோயாளிகளைப் பற்றியது என்ற அறிவிப்போடு ஒரு கட்டுரை வெளிவந்தது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்தால் இறப்பு கூடுகிறது என்று அது கூறியது. அதை நம்பி, உலக சுகாதார நிறுவனம் தன் மருந்துச் சோதனையில் அந்த மருந்துக்குரிய பகுதியைச் சில நாள்கள் நிறுத்தி வைத்தது. பிறகு மருத்துவர்களும் புள்ளியியலாளர்களும் எண்களில் உள்ள முரண்களைச் சுட்டிக்காட்டினார்கள். தரவு முழுவதும் சர்ஜிஸ்பியர் என்ற ஒரு தனியார் நிறுவனத்திடம் இருந்தது. அதைச் சுயேச்சையான தணிக்கைக்குத் தர அந்நிறுவனம் மறுத்ததால், கட்டுரையாசிரியர்களில் ஒருவரான அதன் உரிமையாளர் தவிர்த்த மற்ற மூவரும் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். வெளிவந்து பதின்மூன்றே நாள்தான் ஆகியிருந்தது. மூலத்தரவைப் பார்க்காமலே கையெழுத்திட்டவர்கள், கேள்வி வந்தபோது அதைத் தாங்களே கேட்டுப் பெற வேண்டிய நிலையில் நின்றார்கள்.

இனி உங்கள் நிலைமைக்கு வருகிறேன். உங்கள் பட்டம் நெறியாளரின் கையில் இருக்கும்போது அவரோடு நேருக்கு நேர் மோதுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரிடம் பேசுமுன், நீங்கள் அனுப்பவிருக்கும் இதழின் ‘கட்டுரையாசிரியருக்கான அறிவுறுத்தல்கள்’ பக்கத்தை அச்செடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் செய்த பணியை எழுத வேண்டும் என்று இப்போது பெரும்பாலான இதழ்கள் கேட்கின்றன. அதற்கென்றே கருத்துருவாக்கம், தரவுப் பராமரிப்பு, மேற்பார்வை என்று பதினான்கு பங்களிப்புகள் கொண்ட ஒரு பட்டியல் புழக்கத்தில் இருக்கிறது. அந்தப் படிவத்தை நெறியாளரிடம் கொடுத்து, “இவர்கள் இருவருக்கும் எதிரே எதை எழுதட்டும், ஐயா?” என்று பணிவாகக் கேளுங்கள். இதே வழியில் சென்ற ஒரு மாணவிக்கு, துறைத் தலைவரின் பெயர் நன்றியுரைக்கு நகர்ந்தது. ஆய்வகத்தையும் கருவிகளையும் தந்து உதவியவருக்கு உரிய இடம் நன்றியுரைதான். அங்கும் அவருடைய சம்மதத்தைப் பெற்றே பெயரைக் குறிப்பிட வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆறு மாதம் மாதிரிகளைச் சேகரித்து, பகுத்தாய்ந்து, வரைவையும் எழுதிய இளநிலை ஆய்வாளரின் பெயர், அவர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்பதற்காக நீக்கப்படுவதைக் கண்டிருக்கிறேன். உழைக்காதவர் பெயரைச் சேர்ப்பதற்கு இணையான தவறு இது.

கேள்வி (கல்லூரி உதவிப் பேராசிரியர்): எழுத்துத் திருட்டைக் கண்டறியும் மென்பொருளின் அறிக்கையில், பிறர் எழுத்தோடு என் கட்டுரைக்குள்ள ஒப்புமை 9 விழுக்காடு என்று வந்திருக்கிறது. பத்துக்குள் இருப்பதால் கவலை இல்லை அல்லவா?

பதில்: கவலை இல்லை என்று எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல இயலாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் ஒப்புமையை நான்கு நிலைகளாகப் பிரிக்கின்றன. 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை, 40க்கு மேல் 60 வரை, 60க்கு மேல் என்று நடவடிக்கை கடுமையாகிக்கொண்டே போகும். ஆய்வேட்டில் 60க்கு மேல் போனால் பதிவே ரத்தாகும். இந்த எண் சொற்களின் ஒற்றுமையை மட்டுமே அளக்கிறது. ஒருவருடைய கருதுகோளை எடுத்து, முழுக்க உங்கள் சொற்களில் எழுதி, அவர் பெயரைக் குறிப்பிடாமல் விட்டால் மென்பொருள் பூஜ்யம் காட்டும். ஆனால் அது திருட்டுதான். மறுபுறம், செய்முறைப் பகுதியில் வழக்கமான வாக்கியங்கள் ஒத்துப்போவதால் 15 விழுக்காடு வந்த நேர்மையான கட்டுரைகளும் உண்டு. அறிக்கையைத் திறந்து, எந்தப் பத்தி வண்ணமிடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். முடிவுகளையும் விவாதத்தையும் எழுதிய இடத்தில் தொடர்ச்சியாக மூன்று வரி சிவந்திருந்தால், மொத்தம் 4 விழுக்காடாக இருந்தாலும் நான் அந்தக் கட்டுரையை நிறுத்தி வைப்பேன்.

கேள்வி (ஆய்வு மாணவி): ஓர் இதழுக்கு அனுப்பி ஐந்து மாதமாகிறது, பதில் இல்லை. காத்திருக்கும் வேளையில் இன்னொன்றுக்கும் அனுப்பலாமா?

பதில்: கூடாது. முதல் இதழுக்கு நினைவூட்டுக் கடிதம் எழுதுங்கள். அதற்கும் பதில் வராவிட்டால் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதி, அவர்களின் ஒப்புதல் வந்த பிறகே அடுத்ததற்கு அனுப்புங்கள். ஐந்து மாதம் மௌனமாக இருப்பது இதழாசிரியர் செய்யும் தவறு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். காத்திருப்பவருக்கு நிலவரத்தைத் தெரிவிப்பது எங்கள் கடமை.

கேள்வி (பொறியியல் கல்லூரி ஆசிரியர்): ‘ஏழு நாளில் வெளியீடு, உடனடிச் சான்றிதழ்’ என்று தினமும் மின்னஞ்சல் வருகிறது. முன்பு தரமான இதழ்களுக்கென்று பல்கலைக்கழக மானியக் குழு வைத்திருந்த யுஜிசி கேர் பட்டியலைப் பார்த்துக்கொள்வோம். அதுவும் இப்போது இல்லை. எப்படி அடையாளம் காண்பது?

பதில்: யுஜிசி கேர் பட்டியல் கைவிடப்பட்டதாக 2025 பிப்ரவரியில் அறிவிப்பு வந்ததும் பலரும் கலங்கிப்போனது எனக்குத் தெரியும். ஆனால், பட்டியலில் இருப்பதாலேயே ஓர் இதழ் நல்லதாகிவிடாது என்பதை முன்பும் பார்த்தோம். பட்டியலில் இருந்த இதழ்களின் பெயரில் போலித் தளங்கள் நடத்திப் பணம் வசூலித்த கதைகள் ஏராளம்.

2013இல் சயன்ஸ் இதழுக்காக ஜான் போஹானன் என்ற செய்தியாளர், பள்ளி மாணவரும் கண்டுபிடிக்கக்கூடிய பிழைகளை வேண்டுமென்றே நுழைத்த ஒரு போலிக் கட்டுரையைச் சிறு மாற்றங்களோடு, யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய 304 திறந்த அணுகல் இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஓமிக்ஸ் குழுமம், மதிப்பாய்வு நடப்பதாகப் பொய் சொல்லியும் கட்டணத்தை முன்கூட்டியே தெரிவிக்காமல் மறைத்தும் ஆய்வாளர்களை ஏமாற்றியதாக அமெரிக்க வணிக ஆணையம் தொடுத்த வழக்கில், 2019இல் ஐந்து கோடி டாலருக்கும் மேல் செலுத்தும்படி தீர்ப்பானது. கட்டணம் வாங்குவது தவறில்லை. தரமான திறந்த அணுகல் இதழ்கள் பலவும் வாங்குகின்றன. மதிப்பாய்வு செய்யாமலே செய்ததாகச் சொல்லி வாங்குவதுதான் மோசடி.

ஓர் இதழை எடைபோட எனக்கு அரைமணி நேரம் போதும். அதில் அண்மையில் வந்த மூன்று கட்டுரைகளை எடுத்து முழுதாகப் படிப்பேன். சமர்ப்பித்த தேதிக்கும் ஏற்ற தேதிக்கும் இடையே எத்தனை நாள் என்று பார்ப்பேன். ஆசிரியர் குழுவில் உள்ள இருவரின் பல்கலைக்கழகப் பக்கத்துக்குப் போய், அவர்கள் இந்த இதழை அங்கே குறிப்பிட்டிருக்கிறார்களா என்று தேடுவேன். ஐயம் இருந்தால் அவர்களுக்கே எழுதிக் கேட்பேன். வேளாண்மையும் சைவ சித்தாந்தமும் கணினிப் பொறியியலும் ஒரே இதழில் வந்தால், அதற்கு மேல் பார்க்க வேண்டியதில்லை.

கேள்வி (முதுமுனைவர் ஆய்வாளர்): என் பேராசிரியர் தமக்கு வந்த கட்டுரையை மதிப்பாய்வு செய்யச் சொல்லி என்னிடம் தருகிறார். நான் அதை சாட்ஜிபிடியில் இட்டுச் சுருக்கம் கேட்கலாமா?

பதில்: இதில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. மதிப்பாய்வுக்கு வந்த கட்டுரை பிறருடைய வெளிவராத உடைமை. இதழாசிரியருக்குத் தெரியாமல் இன்னொருவரிடம் கொடுக்கக்கூடாது. பேராசிரியர் இதழுக்கு ஒரு வரி எழுதி உங்கள் பெயரைத் தெரிவித்துவிட்டால் தடை இராது. உழைப்புக்குரிய பெருமையும் உங்களுக்குக் கிடைக்கும். வெளிச் சேவையகத்தில் இயங்கும் கருவியில் அந்தக் கட்டுரையை இடுவது இரகசியக் காப்பை மீறுவதே. உங்கள் சொந்தக் கட்டுரையில் அந்தக் கருவியைப் பயன்படுத்தினால் எங்கே, எதற்கு என்று வெளிப்படையாக எழுதுங்கள். பொறுப்பேற்க இயலாத கருவி ஆசிரியராக இருக்க முடியாது என்று வெளியீட்டு நெறிக் குழுவான கோப் 2023லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது.

மதிப்பாய்வு குறித்து இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் எங்களுக்கு வந்த கட்டுரை ஒன்றில், அதை எழுதியவர்களே மூன்று மதிப்பாய்வாளர்களைப் பரிந்துரைத்திருந்தார்கள். ஒருவருக்கு மாலை ஐந்து மணிக்கு அனுப்பினேன். இரவு எட்டேகாலுக்கே ‘மிகச் சிறப்பு, அப்படியே வெளியிடலாம்’ என்று நான்கு வரி வந்தது. முகவரி ஜிமெயிலில் இருந்தது. பெயரில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. அந்தப் பேராசிரியரின் துறைக்குத் தொலைபேசியில் அழைத்தேன். அவருக்கு அந்தக் கட்டுரையைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை. அன்றிலிருந்து நிறுவன முகவரி இல்லாத எவருக்கும், நானே உறுதிசெய்யாமல் கட்டுரை அனுப்புவதில்லை. ஹிண்டாவி என்ற பதிப்பகத்தின் இதழ்களில் 2023இல் மட்டும் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டதற்குக் காரணம், இப்படிப்பட்ட பொய் மதிப்பாய்வுகள் தொழிலாகவே நடந்ததுதான்.

கேள்வி (இணைப் பேராசிரியர்): 2021இல் வெளியான எங்கள் கட்டுரையின் ஓர் அட்டவணையில் கணக்கீடு தவறாகிவிட்டதை இப்போதுதான் கவனித்தேன். யாரும் கண்டுகொள்ளவில்லை. சொன்னால் பெயர் கெடுமோ என்று அஞ்சுகிறேன்.

பதில்: உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் சொல்லுங்கள். 2018இல் வேதியியல் நோபல் பெற்ற பிரான்சிஸ் அர்னால்டு, 2019இல் சயன்ஸில் வெளியிட்ட ஒரு கட்டுரையை 2020 ஜனவரியில் தாமே திரும்பப் பெற்றார். முடிவுகள் மறுமுறை கிடைக்கவில்லை, ஆய்வகக் குறிப்பேட்டில் சில பதிவுகள் இல்லை, தாம் சரியாகக் கவனிக்கவில்லை என்று பொதுவெளியிலேயே எழுதினார். அதனால் அவர்மேல் ஆய்வுலகம் வைத்த மதிப்பு குறையவில்லை. மறுபுறம், தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் பன்னிரண்டு குழந்தைகளை வைத்து முடிச்சுப்போட்ட பிரிட்டிஷ் மருத்துவர் வேக்ஃபீல்டின் கட்டுரை 1998இல் வெளிவந்தது. முழுமையாகத் திரும்பப் பெற 2010 வரை ஆயிற்று. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் எத்தனை பெற்றோர் அச்சத்தில் தடுப்பூசியைத் தள்ளிப்போட்டிருப்பார்கள் என்று நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

தவறு முடிவை மாற்றாது என்றால் திருத்தக் குறிப்பு போதும். முடிவே நிற்காது என்றால் திரும்பப் பெற வேண்டும். திரும்பப் பெற்ற கட்டுரையும் அழிக்கப்படாது. காரணத்தைச் சொல்லும் அறிவிப்போடு அதே இடத்தில் இருக்கும். முதலில் எல்லா இணை ஆசிரியர்களுக்கும் தெரிவியுங்கள். பழைய அட்டவணையையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த எண் எப்படி மாறுகிறது, அதனால் எந்த வாக்கியம் இனி பொருந்தாது என்று எழுதுங்கள். மூலத்தரவையும் இணைத்துவிடுங்கள். இதழாசிரியருக்கான அந்தக் கடிதத்தின் முதல் வரியிலேயே கட்டுரையின் நிரந்தர அடையாள எண்ணான டிஓஐ இருக்கட்டும். தேடி எடுக்க எங்களுக்கு அதுவே முதலில் தேவைப்படும்.