வாசகர் கேள்வி பதில்: பொமரேனியன் குட்டி வாங்கலாமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஓட்டு வீடு எங்களுக்கு, பின்னாடி கொல்லை, அதைத் தாண்டினா வயல். பையன் ஆறாவது படிக்கிறான், பொண்ணுக்கு 4 வயசு. பொமரேனியன் வேணும்னு ரெண்டு பேரும் ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. தெரிஞ்சவர் ஒருத்தர் 35 நாள் குட்டி இருக்கு, உடனே எடுத்துக்கங்க, சித்திரை வந்தா முடியை ஒட்ட வெட்டிவிட்டுட்டா வெயில் ஒண்ணும் பண்ணாதுங்கறாரு. வாங்கலாமா?
– ஒரு வாசகி

பதில்: அந்த 35 நாள் குட்டியை எடுக்காதீங்கம்மா. ரெண்டு மாசம் முடியாத குட்டியை விக்கவே கூடாதுன்னு 2017ல மத்திய அரசு விதியே போட்டிருக்கு. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், தாயோடயும் கூடப்பொறந்ததோடயும் புரண்டு விளையாடுற அந்த வயசுலதான் எவ்வளவு கடிச்சா வலிக்கும்னு குட்டி கத்துக்குது, அதுக்கு முன்னாடியே பிரிச்சுட்டு வந்தா அப்புறம் உங்க பொண்ணு கையைத்தான் பதம் பாக்கும்.

இன்னொண்ணு, நம்ம ஊர்கள்ல 'பாம்'னு (பொமரேனியனைச் சுருக்கி அப்படிச் சொல்லுவாங்க) சொல்லி விக்கிற வெள்ளைக் குட்டியில நிறைய இந்தியன் ஸ்பிட்ஸ்ங்கற வேற ஜாதிதான். அசல் பொமரேனியன் நல்லா வளந்தாலே 3 கிலோ சுமாருக்குத்தான் வரும், ஸ்பிட்ஸ் 5 கிலோவைத் தாண்டும், மூஞ்சியும் கொஞ்சம் நீளமா இருக்கும். என்னைக் கேட்டா உங்க வீட்டுக்கு ஸ்பிட்ஸ்தான் சரி. நம்ம வெக்கைய ஓரளவு தாங்கும், எலும்பும் கொஞ்சம் கெட்டி. அசல் பாமுக்கு கால் எலும்பு ஈர்க்குச்சி மாதிரி, சின்னக் குழந்தை தூக்கி நழுவவிட்டா ஒடிஞ்சுரும். ஸ்பிட்ஸ்னு தெரிஞ்சே, ஸ்பிட்ஸ் விலை குடுத்து வாங்குங்க. தாய் நாயை நேர்ல பாக்காம மட்டும் காசு குடுக்காதீங்க.

முடியை ஒட்ட வெட்டச் சொன்னாரு பாருங்க, அதுதான் எனக்கு மனசு கேக்கல. இதுங்களுக்கு ரெண்டு அடுக்கு முடி, அடியில பஞ்சா ஒண்ணு, மேல நீளமா ஒண்ணு. வெயில் நேரா தோல்ல படாம காப்பாத்துறதே அந்த மேல் முடிதான். வழிச்சு எடுத்துட்டா தோல் வெந்துபோகும், சிலதுக்கு முடி திட்டுத் திட்டாத்தான் திரும்ப முளைக்கும், சிலதுக்கு முளைக்கிறதே இல்ல. அதுக்கு பதிலா வாரத்துல மூணு நாள் சீப்பு போட்டு அடிவரைக்கும் வாருங்க. காதுக்குப் பின்னாடியும் முன்னங்கால் இடுக்குலயும் முடியை விரலால பிரிச்சுப் பாத்தீங்கன்னா சிக்கும் தெரியும், உண்ணி இருந்தா மொச்சைக்கொட்டையாட்டம் உப்பி உக்காந்திருக்கறதும் தெரியும். உண்ணிக் காய்ச்சலை லேசா எடுத்துக்காதீங்க, சோறு திங்காம ஈறு வெளுத்துப் படுத்துக்கிச்சுன்னா அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க. ஐப்பசி கார்த்திகை மழையில நனைஞ்சா மேல துடைச்சா பத்தாது, அடிமுடி காயுற வரைக்கும் ஃபேன் போடுங்க, இல்லன்னா புண்ணு வந்துரும்.

வெயில் நாள்ல வாக்கிங் விடியக்காலையில, இல்ல இருட்டினப்புறம், கழுத்துப் பட்டை வேண்டாம், நெஞ்சைச் சுத்திக் கட்டுற ஹார்னஸ் போடுங்க, இந்த ஜாதிக்கு மூச்சுக்குழாய் வீக்கு. ரொம்ப இரைச்சு எச்சில் வழிஞ்சு தள்ளாடுச்சுன்னா வயித்துலயும் பாதத்துலயும் சாதாரண தண்ணிய ஊத்தி, ஃபேன் காத்துல கொஞ்சம் ஆறவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க.

தடுப்பூசி 6, 8 வாரத்துல ஆரம்பிக்கணும், வெறிநாய்க்கடி ஊசி 3 மாசத்துல. உங்களுக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தான், அங்கயே காட்டலாம்.

சாப்பாடு, உப்பு மசாலா இல்லாம வேகவெச்ச கோழிக்கறி, முட்டை, கொஞ்சம் சோறு. குட்டிக்கு ஒரு நாளைக்கு நாலு வேளை கொஞ்சம் கொஞ்சமா குடுங்க, வயிறு காஞ்சா சர்க்கரை இறங்கி மயங்கிரும். சாம்பார் சோறு வேண்டவே வேண்டாம், வெங்காயம் நாய் ரத்தத்தைக் கெடுக்கும். பாயசத்துல கிடக்கிற திராட்சையும் கிட்னியைக் காலி பண்ணிடும், பாசத்துல பொண்ணு ஊட்டிவிட்டுடப் போறா, பாத்துக்கங்க.

வயல்ல எலி மருந்து வெக்கிற சமயம் கொல்லைக் கதவைச் சாத்தியே வைங்க. மருந்து தின்னு செத்த எலியைக் கவ்வினாலும் ஆபத்துதான். சந்தேகம்னா நாய் துடிக்கிற வரைக்கும் காத்திருக்காதீங்க, மருந்து பாக்கெட்டையும் கையோட எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்ட ஓடுங்க.