முதலாண்டு எழுத்துப் பாடமும் இறுதி மறுபார்வைக் கட்டுரையும்: கேள்வி பதில்

அமெரிக்கச் சமுதாயக் கல்லூரி ஒன்றில் முதலாண்டு மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாக எழுத்துப் பாடம் நடத்தி வருகிறேன். செமஸ்டர் முடிவில் மாணவர் தம் கட்டுரைகளைத் தொகுத்து, அவற்றை எழுதிய விதத்தைப் பற்றித் தாமே எழுத வேண்டிய மறுபார்வைக் கட்டுரை குறித்துத் தமிழ் மாணவர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் அளிக்கிறேன்.

கேள்வி: நான் பொறியியல் படிக்க வந்தவன். எனக்கும் இந்தப் பாடம் கட்டாயம் என்கிறார்களே, ஏன்?

பதில்: இந்தக் கட்டாயம் மிகப் பழையது. ஹார்வர்ட் 1874இல் நுழைவுத் தேர்வில் கட்டுரை எழுதும் பகுதியைச் சேர்த்தபோது, நல்ல பள்ளிகளில் படித்து வந்தவர்களே பலர் தடுமாறினார்கள். அதன் விளைவாக 1885இல் ‘இங்கிலீஷ் ஏ’ என்ற எழுத்துப் பாடம் முதலாண்டுக்கு வந்தது. பிற கல்லூரிகளும் அந்த வழியில் சென்றன. ஆய்வக அறிக்கை எழுதும் நாளில் இதன் பயன் உங்களுக்குத் தெரியும்.

கேள்வி: “இந்தப் பாடம் என்னை முற்றிலும் மாற்றிவிட்டது, ஆசிரியருக்கு நன்றி” என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். “சான்று எங்கே?” என்று ஓரத்தில் எழுதித் திருப்பிவிட்டார். எதைச் சான்றாகக் காட்டுவது?

பதில்: உங்கள் வரைவுகளைத்தான் காட்ட வேண்டும். நன்றி சொல்வது நல்ல பண்பு. ஆனால் ஆசிரியர் கேட்பது நீங்கள் எந்த இடத்தில், எதை, ஏன் மாற்றினீர்கள் என்பதை.

என் வகுப்பு மாணவர் ஒருவர் பேருந்து வசதி பற்றி எழுதிய கட்டுரை, “பொதுப் போக்குவரத்து மனித வாழ்வில் முக்கியப் பங்கு வகிக்கிறது” என்று தொடங்கியது. அருகில் இருந்த மாணவி அதைப் படித்துவிட்டு, “யார் வாழ்வில்?” என்று பென்சிலால் ஓரத்தில் எழுதினார். மூன்றாம் வரைவில் அந்தத் தொடக்கம் இப்படி ஆகியிருந்தது: “கடைசிப் பேருந்து இரவு 8.40க்கே புறப்பட்டுவிடுவதால், 9 மணிக்கு முடியும் வகுப்பிலிருந்து நாங்கள் சிலர் வாரந்தோறும் பாதியில் எழுந்து போகிறோம்.” அவருடைய மறுபார்வைக் கட்டுரை இந்த இரண்டு வாக்கியங்களையும் அருகருகே வைத்தது. அந்தக் கேள்வி முதலில் தமக்கு எரிச்சல் மூட்டியதையும், மறுநாள் இரவு நிறுத்தத்தில் நின்றபோதுதான் அதற்கு விடை கிடைத்ததையும், ஆசையாக எழுதியிருந்த பேருந்து வரலாற்றுப் பத்தியை அதனாலேயே நீக்க நேர்ந்ததையும் அவர் விளக்கியிருந்தார். “நான் வளர்ந்துவிட்டேன்” என்று ஓரிடத்திலும் அவர் எழுதவில்லை. ஆனாலும் படித்து முடித்தபோது அது எனக்குத் தெரிந்தது. எதை நீக்கினோம் என்று எழுதுவதற்கு மாணவர்கள் தயங்குகிறார்கள். நான் முதலில் தேடிப் படிப்பதோ அந்தப் பகுதியைத்தான்.

கேள்வி: பழைய வரைவுகளை நான் வைத்துக்கொள்ளவில்லை. புதிதாக உருவாக்கிக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் ‘வெர்ஷன் ஹிஸ்டரி’யில் பழைய வடிவங்கள் இருக்கும். அங்கும் இல்லையென்றால், நினைவில் இருப்பதை மட்டும் எழுதி, வரைவு கையில் இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: என் கட்டுரையின் குறைகளை நானே சொன்னால் மதிப்பெண் குறையாதா?

பதில்: 1972இல் டொனால்ட் மரே என்ற அமெரிக்க எழுத்துப் பேராசிரியர், எழுத்தை முடிந்த பொருளாகக் கருதாமல் ஒரு செயல்முறையாகக் கற்பிக்க வேண்டும் என்று வாதிட்டார். 1980களில் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் பீட்டர் எல்போவும் பேட் பெலனாஃபும் எழுத்துத் தேர்வுக்குப் பதிலாகக் கட்டுரைத் தொகுப்பை மதிப்பிடும் முறையைக் கொண்டுவந்தார்கள். உங்கள் மறுபார்வைக் கட்டுரை இந்த வழியில் வந்ததாகையால், குறையைச் சரியாக இனங்காண்பதும் இங்கே திறமையாகவே கொள்ளப்படுகிறது. ஆனால் “என் இலக்கணம் மோசம்” என்று பொதுவாகச் சொல்வதால் பயனில்லை. எந்தப் பத்தி இன்னும் சரியாக வரவில்லை, மேலும் ஒரு வாரம் கிடைத்தால் அதை என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள்.

கேள்வி: நான் தமிழ்வழிப் பள்ளியில் படித்தவள். என் கட்டுரை சுற்றி வளைத்துப் போகிறது என்கிறார்கள். இதை மறைத்துவிட வேண்டுமா?

பதில்: மறைக்காதீர்கள், உங்களிடம் இருக்கும் மிகச் சிறந்த செய்தியே இதுதான். முன்னுரை, உள்தலைப்புகள், முடிவுரை என்று பிரித்து, பொருத்தமான குறளை மேற்கோள் காட்டி எழுதத்தான் நாம் பழகினோம். பலர் அந்தக் கட்டுரைகளை நோட்ஸிலிருந்து மனப்பாடம் செய்தே எழுதினோம். முன்னுரை என்பது எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பொதுச் செய்தி. இங்கோ, பிறர் மறுக்கக்கூடிய ஒரு கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லி, அதை நிறுவ வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். இரண்டு முறைகளுக்கும் இடையே நீங்கள் எங்கே திணறினீர்கள் என்பதை உங்கள் பத்தி ஒன்றைக் கொண்டே காட்டுங்கள். மாணவர்களுக்குத் தம் சொந்த மொழிவழக்கில் உரிமை உண்டு என்று அமெரிக்கக் கல்லூரி எழுத்தாசிரியர்களின் மாநாட்டு அமைப்பே 1974இல் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. ஆகவே கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை.

கேள்வி: என் மகனின் மறுபார்வைக் கட்டுரையை நான் திருத்திக் கொடுக்கலாமா?

பதில்: பேனாவை எடுக்காதீர்கள், அம்மா. அவரை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். எந்த இடத்தில் உங்களுக்கு விளங்கவில்லையோ அங்கே நிறுத்தி, “இதை ஏன் மாற்றினாய்?” என்று மட்டும் கேளுங்கள். அவர் வாயால் சொல்லும் விடை பெரும்பாலும் தாளில் இருக்காது. அதை உடனே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். மேலும் உதவி தேவைப்பட்டால், பெரும்பாலான கல்லூரிகளில் மாணவர்களுக்குக் கட்டணமில்லாத எழுத்துதவி மையம் இருக்கிறது; செமஸ்டரின் கடைசி வாரத்தில் அங்கே இடம் கிடைப்பது கடினம் என்பதால், இப்போதே நேரம் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.