நான்கு நாள் குடிக்காமல் இருந்த கணவர்

கேள்வி: என் கணவருக்கு 39 வயது. கடற்றொழில் செய்கிறார். 2006இல் சம்பூரில் ஷெல் விழுந்தபோது, காயப்பட்ட தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். தம்பி வழியிலேயே இறந்துவிட்டார். முகாம்களில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு ஊர் திரும்பினோம். இப்போது ஒவ்வோர் இரவும் குடிக்கிறார். நடுச்சாமத்தில் அலறி எழும்பி, டோர்ச் லைட்டைப் பிடித்தபடி விடியும்வரை வாசற்படியில் இருக்கிறார். தம்பியைப் பற்றி ஒரு சொல் பேசமாட்டார். சென்ற ஆடி அமாவாசையை ஒட்டி நான்கு நாள் குடிக்கவில்லை. கை நடுங்கியது, கனவு கூடியது, ஐந்தாம் நாள் மீண்டும் தொடங்கிவிட்டார். சோற்றில் கலந்து கொடுத்தால் குடி வெறுத்துவிடும் என்று மாமி ஒரு தூள் வாங்கி வந்திருக்கிறார். கொடுக்கலாமா?
– பெயர் வேண்டாம், மூதூர் பிரதேசம்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

கொடுக்க வேண்டாம். அந்தத் தூளில் என்ன இருக்கிறது என்பது விற்றவருக்கே தெரியுமோ என்னவோ. குடியை நிறுத்த வைத்தியர்கள் டைசல்பிரம் என்றொரு மாத்திரை கொடுப்பதுண்டு. அது உடலில் இருக்கும்போது குடித்தால் நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், இரத்த அழுத்தம் சரியும், சில வேளை உயிரே போகும். அதனால்தான் விளக்கிச் சொல்லி, சம்மதம் பெற்ற பிறகே அதைக் கொடுக்கிறார்கள். தெரியாமல் எதையோ தின்றுவிட்டு உங்கள் கணவர் நடுக்கடலில் வள்ளத்தில் மயங்கி விழுந்தால் யார் தூக்குவது? மாமியைக் கோபிக்காதீர்கள். ஒரு மகனைப் பறிகொடுத்தவர், மற்றவனையாவது காப்பாற்றிவிடத் துடிக்கிறார்.

உங்கள் கடிதத்தில் அந்த நான்கு நாள்களைப் பற்றிய வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பிறர் அதை அவருடைய தோல்வி என்பார்கள். எனக்கு அவருடைய நோயின் முழு வரைபடமும் அங்கேதான் தெரிகிறது.

மது ஆளைச் சீக்கிரம் தூங்க வைக்கும். கனவு மிகுந்து வருகிற உறக்க நிலையை முன்னிரவில் அமுக்கியும் வைக்கும். அதன் வேகம் இறங்கும் பின்னிரவில் உறக்கம் குலைந்து, அமுக்கியது திரும்பி எழும். வாசற்படியில் டோர்ச் லைட்டுடன் அவர் இருப்பது அந்த நேரத்தில்தான். குடியை ஒரேயடியாக விட்டால், அத்தனை நாள் அடைபட்டிருந்த கனவுகள் சில நாள்களுக்கு முன்னையைவிட மூர்க்கமாக வரும். நான்கு இரவும் அவர் தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார், தங்கையே. ஐந்தாம் நாள் போத்தலை எடுத்ததற்கு மனஉறுதிக் குறைவு என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

தாங்க முடியாத உணர்வுக்குத் தாமாகவே தேடிக்கொள்ளும் மருந்தாகப் பலர் போதையை நாடுகிறார்கள் என்று அமெரிக்க மனநல வைத்தியர் எட்வர்ட் கன்சியான் 1985இல் எழுதினார். எல்லாக் குடிக்கும் இந்த விளக்கம் பொருந்தாது. ஆனால் அலறல், நடந்ததைப் பேச மறுத்தல், இரவுக் காவல் ஆகியவை சேர்ந்து வரும்போது மனவடு நோய், அதாவது பெரும் அதிர்ச்சிக்குப் பின் நெடுநாள் நீடிக்கும் மனப் பாதிப்பு, இருக்கிறதா என்று வைத்தியர் பார்த்தே ஆக வேண்டும். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம், நம் சமூகம் முழுவதிலும் இந்த வடுவைக் கண்டு எழுதியிருக்கிறார். உங்கள் வீடு தனித்த வீடு அல்ல.

“முதலில் குடியை நிறுத்திவிட்டு வா, மற்றதைப் பிறகு பார்க்கலாம்” என்று உங்களிடமும் யாராவது சொல்லக்கூடும். நெடுங்காலம் வைத்தியர்களும் அப்படித்தான் நினைத்தார்கள், பழைய காயத்தைத் தொட்டால் குடி கூடிவிடும் என்ற பயத்தில். ஆஸ்திரேலியாவில் மனவடுவும் போதைப் பழக்கமும் சேர்ந்திருந்த 103 பேரிடம் நடத்திய ஆய்வு 2012இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சையோடு, இரண்டையும் ஒன்றாகக் கவனிக்கும் சிகிச்சையும் கிடைத்தது. நடந்ததை ஆற்றுப்படுத்துநரோடு சிறிது சிறிதாக எதிர்கொள்வதும் அதில் அடங்கும். அந்தப் பிரிவினரின் மனவடு மற்றவர்களைவிட நன்றாகத் தணிந்தது. பயந்ததுபோல் போதைப் பழக்கம் மோசமாகவில்லை. எனவே இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சை கேளுங்கள்.

ஒன்றில் மட்டும் மிகக் கவனம் வேண்டும். நாள்தோறும் குடித்துக் கை நடுங்கும் நிலைக்கு வந்தவர் வீட்டில் திடீரென நிறுத்தக் கூடாது. கடைசிக் குடிக்குப் பிறகு முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். அதன் பின் ஓரிரு நாளில் ஆள் தடுமாறி, இல்லாததைக் கண்டு பிதற்றவும் கூடும். உயிருக்கே ஆபத்தான நிலை அது. இந்த ஆடி அமாவாசைக்கும் அவர் விரதம் என்று தொடங்கினால், முன்னதாகவே வைத்தியரைக் காணுங்கள். நடுக்கத்தைத் தணிக்க மருந்தும் பி1 விற்றமினும் கொடுத்துப் பாதுகாப்பாக நிறுத்த வைப்பார்கள்.

அவர் கை ஓங்குகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. ஓங்கினால், நோய் என்று பொறுத்துக்கொண்டிராதீர்கள். பிள்ளைகளோடு பாதுகாப்பான வீட்டுக்குப் போய்விடுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

மனநல உதவிக்கு 1926ஐ அழைக்கலாம். கிண்ணியாப் பாலம் வழியாகத் திருகோணமலைக்கு பஸ் ஏறினால் பொது வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. “குடிகாரருக்கு வைத்தியம்” என்று கூப்பிட்டால் அவர் வரமாட்டார். “நித்திரைக்கு மருந்து கேட்போம், நானும் வருகிறேன்” என்று கேளுங்கள். அது பொய்யும் அல்ல. கடலுக்குப் போகாத ஒரு நாளில், அவர் குடிக்கும் முன் காலை வேளையில் கேளுங்கள். மறுத்தால் நீங்கள் மட்டும் முதலில் போய்வாருங்கள்.

வைத்தியர் முன் வாய் அடைத்துவிடும் என்று பயமாக இருந்தால், எனக்கு எழுதியதையே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் நீட்டுங்கள். தம்பியின் பெயரையும் அதில் எழுதுங்கள்.